முகப்பு இசைக்கு வந்த உரிமைக்கோரல்: சென்னைப் பாடச் சேனல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

குரோம்பேட்டையில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் பத்தாம் வகுப்புக் கணிதத்தைத் தமிழ்வழி மாணவர்களுக்காக யூடியூபில் நடத்தி வருகிறார். வீட்டுக் கூடத்தில் ஒரு கரும்பலகை, ஒரு கேமரா, புடவையில் செருகிய சிறிய மைக், அவ்வளவுதான் ஏற்பாடு. தொகுப்பு, பதிவேற்றம், விளம்பரக் கணக்கு ஆகியவை தம்பியின் பொறுப்பு. அவருக்குப் பகலில் வேறு வேலை. இரவில்தான் இதற்கு உட்காருவார். இந்த நிகழ்வின்போது பாடங்கள் நூறைத் தாண்டியிருந்தன.

ஆண்டின் பெரும்பகுதியில் இந்தச் சேனலின் வருவாய் சொற்பம். திருப்புதல் தேர்வுகள் தொடங்கியதிலிருந்து பொதுத் தேர்வு முடியும் வரைதான் பார்வைகள் ஏறும். அதிலும் கூட்டம் முழுவதும் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் வந்து சேரும். இரண்டுக்கும் தலா 8 மதிப்பெண். பயிற்சி செய்தவருக்குக் கை நழுவாதவை. ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கை ஈட்டித் தருபவை இந்த இரண்டு பாடங்களின் நீண்ட வீடியோக்கள்.

எல்லாப் பாடங்களும் சுமார் பத்து விநாடி முகப்பு இசையோடு தொடங்கும். மணியோசை, அதற்குக் கீழே மெல்லிய தந்தியொலி. ஐரோப்பிய இசையமைப்பாளர் ஒருவர் தம் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல் உரிமம், பதிப்பு 4.0-இன் கீழ் வைத்திருந்த துண்டு அது. விளம்பரம் ஓடும் வீடியோவிலும் பயன்படுத்தலாம், வெட்டலாம், மாற்றலாம். இசையமைத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட வேண்டும், மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.

நான் சாலிகிராமத்தில் ஒலிக்கலவை வேலை செய்பவன். இந்தக் குடும்பத்துக்கு அறிமுகமானவன் என்ற முறையில், தொடக்கம் முதல் முடிவு வரை இந்த விவகாரத்தில் உடனிருந்தேன். சம்பந்தப்பட்ட எவருடைய பெயரும் இதில் இல்லை.

சிக்கல் எழுந்த விதம்

பிப்ரவரித் தொடக்கத்தில், ஒரே இரவில், நாற்பதுக்கும் மேற்பட்ட பாடங்களின் மேல் உரிமைக்கோரல் வந்து விழுந்தது. அறிவிப்புகள் தம்பி அதிகம் திறக்காத மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருந்தன. மூன்றாம் நாள்தான் பார்த்தார். பார்த்ததும் அவர் சொன்னது: “அக்கா, சேனலையே மூடிவிடுவார்கள் போலிருக்கிறது.”

அப்படி நடக்காது என்பதை முதலில் விளக்க வேண்டியிருந்தது. வந்திருந்தது கன்டென்ட் ஐடி உரிமைக்கோரல். 2007-இல் யூடியூப் தொடங்கிய ஏற்பாடு இது. உரிமையாளர்கள் தங்கள் பாடல்களையும் படங்களையும் மாதிரிக் கோப்புகளாக ஒப்படைப்பார்கள். பதிவேறும் ஒவ்வொரு வீடியோவையும் இயந்திரம் அவற்றோடு ஒப்பிடும். பொருந்தினால், அந்த உரிமையாளர் முன்கூட்டியே தேர்ந்துவைத்தபடி வீடியோ முடக்கப்படும், அல்லது அதன் விளம்பர வருவாய் அவருக்குப் போகும், அல்லது பார்வைக் கணக்கு மட்டும் அவருக்குத் தெரியும். இங்கே நடந்தது இரண்டாவது வகை. வீடியோ ஓடும், பணம் மட்டும் வேறிடம் போகும். சேனலுக்குக் கரும்புள்ளி கிடையாது.

ஸ்டிரைக் என்பது வேறு. உரிமையாளர் சட்டப்படி நீக்கக் கோரிக்கை அனுப்பி, அதன்பேரில் வீடியோ அகற்றப்படும்போதுதான் அது விழும். 90 நாட்களுக்குள் மூன்று சேர்ந்தால் சேனல் மூடப்படலாம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பயத்தில் வீடியோவையே அழித்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்வைகள் போகும், இணைப்பு போகும், மறுக்கும் வாய்ப்பும் போகும்.

கவனித்தவை

உரிமைக்கோரலின் விவரப் பக்கத்தில் எந்தப் பாடலோடு பொருந்தியது, வீடியோவில் எந்த விநாடியிலிருந்து எந்த விநாடி வரை என்பவை இருக்கும். எல்லாக் கோரல்களும் ஒரே பாடலைக் காட்டின. ஒரு தியானப் பாடல். பாடியவர் யாருக்கும் பரிச்சயமில்லாத பெயர். கோரியது, சுயாதீனக் கலைஞர்களின் பாடல்களை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பும் ஒரு விநியோக நிறுவனம்.

பாடலைத் தேடிக் கேட்டோம். முதல் சில விநாடிகள் நம் முகப்பு இசையேதான். பிறகு அதே இசையின் மேல் குரல் நுழைகிறது. பாடல் வெளியான தேதி, நம் சேனலின் பழைய பாடங்களுக்கு மிகவும் பிந்தையது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பாடகர் திருடவில்லை. பெயர் குறிப்பிடல் உரிமம் ஆசிரியைக்குத் தந்த சுதந்திரத்தைத்தான் அவருக்கும் தந்தது. அந்த இசையின் மேல் பாடி விற்க அவருக்கு அனுமதி உண்டு. தவறு அதற்கு அடுத்த படியில் நேர்ந்தது. கன்டென்ட் ஐடிக்குள் ஒரு பதிவை ஒப்படைக்க வேண்டுமானால் அதன்மேல் தனியுரிமை இருக்க வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற திறந்த உரிமத்தில் பெற்றதையும், பலருக்கும் பொதுவாக உரிமம் தரப்பட்டதையும் சேர்க்கக் கூடாது என்பது யூடியூபின் விதி. தன் குரலுக்கு மட்டும் உரிமை கொண்டாட வேண்டியவர் முழுப் பதிவையும் ஒப்படைத்துவிட்டார். விநியோக நிறுவனத்தின் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும், இது நடந்துவிடும். இலவச இசைக்கு வரும் உரிமைக்கோரல்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்த ரகம்தான். இசையமைத்தவரே தம் இசையைப் பதிந்துவைத்து, முறையான உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும் விடுவித்துத் தருவதும் உண்டு. அதைக் கையாளும் வழி வேறு.

அடுத்ததாக, நம் பக்கத்துக் காகிதங்களைப் பார்த்தோம். நிலைமை அத்தனை நன்றாக இல்லை.

இசையை எடுத்த பக்கம் மாறியிருந்தது. இப்போது அங்கே கட்டண உரிமம் மட்டுமே இருந்தது. இறக்கிய நாளில் யாரும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைக்கவில்லை. இணையப் பக்கங்களின் பழைய நகல்களைத் தேதியோடு சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் தேடியபோது, அதே பக்கத்தின் பழைய நகல் கிடைத்தது: இசையின் பெயர், உரிமத்தின் பெயர், பதிப்பு எண் எல்லாம் தெளிவாக. ஒருமுறை வழங்கிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதால், பிறகு அவர் விற்பனைக்கு மாறியது நம்மைப் பாதிக்காது.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருந்தது. தொடக்க காலப் பாடங்களின் விவரப் பகுதியில் இசையமைத்தவர் பெயர் இருந்தது. பிற்காலத்தில் தம்பி விவரப் பகுதிக்கான வார்ப்பை மாற்றியபோது அந்த வரி விழுந்துவிட்டது. பாதிக்கும் மேற்பட்ட பாடங்களில் பெயர் இல்லை. பெயர் சொல்லாவிட்டால் உரிமம் தானாகவே முறிந்துவிடும். பழைய 3.0 பதிப்பாக இருந்திருந்தால் உரிமையாளரின் வெளிப்படையான மறு அனுமதி தேவைப்பட்டிருக்கும். 4.0-இல் ஒரு நிவாரணம் உண்டு: மீறலைக் கண்டறிந்த 30 நாட்களுக்குள் சரிசெய்தால், சரிசெய்த நாளிலிருந்து உரிமம் தானே உயிர்பெறும். இடைக்காலத்து மீறலுக்கு உரிமையாளர் பரிகாரம் கேட்கலாம் என்பது மட்டும் நிற்கும்.

அன்றிரவே எல்லா வீடியோக்களின் விவரப் பகுதியிலும் பெயர் வரியை மொத்தமாகச் சேர்த்தோம். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் திரையைப் படமெடுத்துத் தேதியோடு வைத்தோம்.

எடுத்த முடிவுகள்

ஆசிரியையின் முதல் எண்ணம், நாற்பதுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் மறுப்புத் தெரிவிப்பது. நியாயம் நம் பக்கம் இருக்கும்போது எதற்குத் தயக்கம் என்றார். எனக்கு வேறு கருத்து.

மறுப்புப் பதிவானதும் கோரியவருக்கு 30 நாள் அவகாசம். அதற்குள் அவர் விடுவிக்கலாம், கோரலை நிலைநிறுத்தலாம், பேசாமல் விட்டு அது காலாவதியாகவும் விடலாம். நான்காவது வழியும் உண்டு: வீடியோவையே நீக்கும்படி சட்டக் கோரிக்கை அனுப்பலாம். அனுப்பினால் ஸ்டிரைக். நாற்பது வீடியோக்களில் மறுத்து, எதிர்த்தரப்பு சினத்திலோ அறியாமையிலோ அவற்றில் மூன்றுக்கு அப்படிச் செய்தால், தேர்வுக் காலத்தின் நடுவில் சேனலே ஆபத்தில் இருக்கும். பின்னால் நாம் வெல்லலாம், ஏப்ரல் போய்விட்டிருக்கும்.

மறுபக்கம் ஐந்து நாள் கணக்கு இருந்தது. உரிமைக்கோரல் விழுந்த ஐந்து நாட்களுக்குள் மறுத்தால், முதல் நாளிலிருந்து வரும் வருவாய் முழுவதையும் யூடியூப் யாருக்கும் தராமல் பிடித்துவைக்கும். முடிவு வந்ததும் வென்றவருக்குக் கொடுக்கும். ஐந்து நாள் கடந்துவிட்டால், மறுத்த நாளிலிருந்து வருவதை மட்டுமே பிடித்துவைக்கும். மூன்று நாள் ஏற்கெனவே போய்விட்டது.

ஆகவே ஒன்றை மட்டும் மறுத்துப் பார்த்துப் பொறுமையாக இருப்பதும் சரியில்லை, எல்லாவற்றையும் மறுப்பதும் சரியில்லை. செய்முறை வடிவியல், வரைபடம் ஆகிய இரண்டு வீடியோக்களை மட்டும் மறுப்பது என்று முடிவெடுத்தோம். மிக மோசமாக நடந்தாலும் இரண்டு ஸ்டிரைக்கோடு நிற்கும். பணத்தில் பெரும்பங்கு பாதுகாப்பாக இருக்கும். மற்றவற்றை அப்படியே விட்டுவிடலாம், சிறு தொகை போனால் போகட்டும் என்றேன். தம்பிக்கு மனம் ஒப்பவில்லை. யூடியூபின் தொகுப்புக் கருவியில் அந்தப் பகுதியை வெட்டினால் கோரல் தானாக நீங்கும், வீடியோவின் முகவரியும் பார்வைகளும் அப்படியே இருக்கும் என்பது அவர் வாதம். அது உண்மைதான். இயற்கணிதம், முக்கோணவியல் பாடங்கள் சிலவற்றில் வெட்டினார்.

மறுப்புப் படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் உரிமம் என்பதைத் தேர்ந்தோம். விமர்சனம், மேற்கோள் போன்றவற்றுக்கு அனுமதியின்றியே எடுத்தாளலாம் என்ற விதிவிலக்கான நியாயமான பயன்பாடு இங்கே பொருந்தவே பொருந்தாது. முகப்புக்கு ஒரு இசையை அப்படியே போடுவது விமர்சனமும் அல்ல, மேற்கோளும் அல்ல. கல்விச் சேனல் என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று யாரோ சொன்னதாக ஆசிரியை கேட்டார். பொருந்தாத காரணத்தைச் சொல்லி மறுப்பது, நமக்கு உரிமம் இருக்கிறது என்ற உண்மையையே பலவீனப்படுத்தும்.

எழுதியது சில வரிகள்தான். இசையின் பெயர், இசையமைத்தவர், உரிமத்தின் பெயரும் பதிப்பும், பழைய பக்கத்தின் நகலுக்கு இணைப்பு, நம் முதல் வீடியோ வெளியான தேதி, உங்கள் வாடிக்கையாளரின் பாடலில் இந்த விநாடி முதல் இந்த விநாடி வரை இருப்பது அதே திறந்த உரிம இசை, ஆகவே அந்தப் பகுதியில் அவருக்குத் தனியுரிமை கிடையாது. மாணவர்களுக்கான சேவை, இத்தனை ஆண்டு உழைப்பு என்று தம்பி எழுதிவைத்திருந்த பத்தியை நீக்கச் சொன்னேன். படிப்பவருக்கு அது எதையும் நிரூபிக்காது.

அதே இரவில் எழுதிய இன்னொரு கடிதம்தான் கடைசியில் வேலை செய்தது. இசையமைப்பாளருக்கு ஆசிரியை தம் பெயரில் எழுதினார். நடந்ததைச் சொல்லி, சில பாடங்களில் அவர் பெயர் விடுபட்டிருந்ததையும் இப்போது சேர்த்துவிட்டதையும் மறைக்காமல் தெரிவித்து, இந்த இசையை யாருக்காவது தனியுரிமையாகக் கொடுத்தீர்களா என்று கேட்டார். பெயர் விடுபட்டதை ஏன் நாமே சொல்ல வேண்டும் என்று தம்பி தயங்கினார். உதவி கேட்கப் போகும் இடத்தில் அதை அவரே கண்டுபிடித்தால் கதவு சாத்தப்படும் என்பது ஆசிரியையின் கணிப்பு. அவர் கணிப்பே சரி.

இடையில் வந்த வீணை

கோரல்களின் பட்டியலைப் பார்க்கும்போது, சம்பந்தமில்லாத ஒன்றும் அகப்பட்டது. பொங்கல் வாழ்த்து வீடியோ ஒன்றில் பின்னணியாக வீணையில் ஒரு தியாகராஜர் கீர்த்தனை. அதற்கும் ஓர் இசை நிறுவனம் உரிமை கோரியிருந்தது. இதையும் மறுத்துவிடலாமே, தியாகராஜர் கீர்த்தனை யாருக்குச் சொந்தம் என்றார் ஆசிரியை.

தியாகராஜர் 1847-இல் மறைந்தவர். கீர்த்தனையின் மேல் எவருக்கும் பதிப்புரிமை இல்லை. ஆனால் தம்பி எடுத்தது 1980-களில் வெளியான ஒரு கேசட்டின் பதிவு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி இசைப் படைப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமை. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள். அந்தக் கோரல் முற்றிலும் நியாயமானது. மறுக்கவில்லை. ஆசிரியையே வீணை வாசித்திருந்தால் கதை வேறு.

தொடர்ந்து நடந்தவை

சில நாட்களில் விநியோக நிறுவனம் இரண்டு மறுப்புகளையும் நிராகரித்தது. காரணம் என்று எதுவும் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை ஒரே வாசகம். நம் இணைப்புகளை யாரும் திறந்து பார்த்ததற்கான அறிகுறி இல்லை.

அடுத்தது மேல்முறையீடு. அதற்குக் கோரியவர் பதில் சொல்ல 7 நாள்தான். பதில் இல்லையென்றால் கோரல் விலகும். ஏற்க மறுத்தால் அவர் முறையான நீக்கக் கோரிக்கை அனுப்பியாக வேண்டும், அதாவது ஸ்டிரைக். அதன்பின் நமக்கு எஞ்சுவது எதிர் அறிவிப்பு, அதாவது நீக்கியது தவறு என்று முறைப்படி தெரிவித்து வீடியோவைத் திரும்பக் கேட்பது. அதில் சட்டப் பெயரும் முகவரியும் கொடுக்க வேண்டும், அவை எதிர்த்தரப்புக்குப் போகும், அமெரிக்க நீதிமன்ற அதிகார வரம்புக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். தனியாக வசிக்கும் ஆசிரியைக்கு வீட்டு முகவரி அறிமுகமில்லாதவர் கைக்குப் போவதில் விருப்பமில்லை. இந்த இடத்தில் ஓர் இரவு முழுக்கப் பேச்சு நடந்தது. தாமதிக்கவும் முடியாது, நிராகரிப்புக்குப் பின் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் பிடித்துவைத்த தொகை கோரியவருக்குப் போய்விடும்.

பாரிமுனையில் அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞர் ஒருவரிடமும் தம்பி கேட்டு வந்தார். அடிப்படையில்லாத பதிப்புரிமை மிரட்டலுக்கு எதிராக வழக்குத் தொடர இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு வழி தருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவும் செயல்படுகிறது. ஆனால் இயந்திரம் அனுப்பும் கோரலை மிரட்டல் என்று நிறுவுவது ஒருபுறம், பறிபோகும் தொகையைவிடச் செலவு கூடும் என்பது மறுபுறம். வேண்டாம் என்றார். கட்டணமும் வாங்கவில்லை.

அந்த நேரத்தில் இசையமைப்பாளரின் பதில் வந்தது. இந்த இசையை எவருக்கும் தனியுரிமையாகத் தரவில்லை. இறக்கிய காலத்தில் அது திறந்த உரிமத்தில் இருந்தது. பெயரைச் சேர்த்ததில் மகிழ்ச்சி. இதே தியானப் பாடலைப் பற்றி வேறு சிலரும் தமக்கு எழுதியிருப்பதாகவும், விநியோக நிறுவனத்துக்குத் தாமே புகார் அனுப்புவதாகவும் சொல்லியிருந்தார்.

அந்தக் கடிதம் கையில் இருந்ததால் மேல்முறையீட்டின் அபாயக் கணக்கு மாறியது. மூல உரிமையாளரே எழுத்தில் மறுத்த பிறகு நீக்கக் கோரிக்கை அனுப்புவது, பொய் உறுதிமொழி அளிப்பதற்குச் சமம். படிவத்தை யாராவது ஒரு மனிதர் படித்தால் அதைச் செய்யமாட்டார். முதலில் வரைபட வீடியோவுக்கும், மறுநாள் வடிவியலுக்கும் மேல்முறையீடு போனது. இரண்டிலும் இசையமைப்பாளரின் வாசகம் முதல் வரியாக இருந்தது.

விளைவு

ஏழு நாள் முடிவதற்குள் கோரல்கள் விலகின. மேல்முறையீடு செய்த இரண்டிலிருந்து மட்டும் அல்ல. மறுப்பே தெரிவிக்காத பாடங்களிலிருந்தும் அதே நாளில் விலகின. நிறுவனம் நம் வாதத்தைப் படித்து இரண்டு வீடியோக்களை விடுவித்திருந்தால் மற்றவை அப்படியே நின்றிருக்கும். மாதிரிக் கோப்பையே எடுத்துவிட்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. இசையமைப்பாளரின் புகார் வேரில் விழுந்தது. நம் மறுப்புகள் அதுவரை பணத்தைப் பிடித்துவைத்தன. இத்தகைய சிக்கல்களில் வீடியோவுக்கு வீடியோ போராடுபவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை: ஒரு கோப்பு உள்ளே இருக்கும் வரை அடுத்த பதிவேற்றத்துக்கும் கோரல் வரும்.

பிடித்துவைத்த தொகை இரண்டு வீடியோக்களுக்கும் முழுமையாக ஆசிரியையின் கணக்குக்கு வந்தது. மறுக்காமல் விட்டவற்றின் அந்தச் சில வார வருவாய் திரும்ப வரவில்லை. பெரிய தொகை இல்லை.

வெட்டிய பாடங்களில்தான் எதிர்பாராத தொல்லை. முகப்பு போனதும் விவரப் பகுதியில் கொடுத்திருந்த நேரக்குறிப்புகள் எல்லாம் சுமார் பத்து விநாடி தள்ளிப்போயின. ‘பயிற்சி 6.2, மூன்றாம் கணக்கு’ என்பதை அழுத்தினால் விடை பாதியில் தொடங்கியது. மாணவர்கள் கருத்துப் பகுதியில் கேட்கத் தொடங்கிய பிறகே தெரிந்தது. எல்லாவற்றையும் கையால் திருத்த தம்பிக்குச் சில இரவுகள் பிடித்தன.

இப்போது மாற்றியிருப்பவை

பதிவேற்றும் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு தாள்: எந்த இசை, எங்கிருந்து, எந்த நாளில், எந்த உரிமம், எந்தப் பதிப்பு. உரிமப் பக்கத்தின் படத்தோடு, அதே நாளில் வேபேக் மெஷினிலும் அந்தப் பக்கத்தைச் சேமிக்கிறார்கள். நம் கணினியில் உள்ள படத்தை யாரும் சந்தேகிக்கலாம். அங்கே உள்ள நகலின் தேதி நம் கையில் இல்லை. வீடியோவை முதலில் வெளியிடாமல் பதிவேற்றி, கோரல் சோதனை முடிந்த பிறகே வெளியிடுகிறார்கள். அறிவிப்பு மின்னஞ்சல் இப்போது இருவருக்கும் போகிறது.

புதிய பாடங்களுக்கு வேறு முகப்பு இசை. இசைக் கல்லூரி மாணவர் ஒருவர் வயலினும் மிருதங்கமும் சேர்த்து அமைத்துத் தந்தார். அதற்கான ஒப்பந்தத்தில் கவனமாக இருந்தோம். அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். கால அளவு சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டுமே. யூடியூபில் போடும் இசைக்கு இரண்டுமே போதாது. உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும் என்று எழுதி, வாசித்த இருவரும் கையெழுத்திட்டார்கள். பழைய பாடங்களில் பழைய இசையே இருக்கிறது. அதை மாற்ற வேண்டிய அவசியம் எழவில்லை.